கூடப்பிறந்தவரை இழந்தவர்களுக்கு நாவல் இருக்கிறதா? (கணவன், மனைவி, பெற்றோர் பற்றியவை வேண்டாம்)

கயல்:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். என் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டான். வீட்டில் படிக்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அவன் படித்து முடித்ததும் புத்தகம் என்னிடம் வரும், அதுவும் பக்கத்தின் ஓரம் எல்லாம் மடித்து வரும், அதற்காகப் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

துக்கத்தைப் பற்றிய நாவல் என்று தேடினால் பட்டியல் பட்டியலாக வந்து விழுகிறது. மனைவியை இழந்த கணவன், பிள்ளையை இழந்த தாய், அம்மாவை இழந்த மகள். அவர்கள் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனை இழந்தவள் எங்கே? நேரிலும் இதுதான் நடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மாவைப் பார்த்துக்கோம்மா, அண்ணிக்கு நீதான் தைரியம் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஏதோ ஏற்பாடுகளைக் கவனிக்க வந்த ஆள் மாதிரி. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு, கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

நானும் அவனும் ஒரே கிண்டில் கணக்கைத்தான் வைத்திருந்தோம். இப்போது எதைத் திறந்தாலும் நடுவில் அவன் கோடு போட்ட வரி எட்டிப் பார்க்கிறது. ஒரு துப்பறியும் நாவலில் பாதிகூடத் தாண்டாத இடத்தில் "இவன்தான் கொலைகாரன், சந்தேகமே இல்லை" என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். கடைசியில் பார்த்தால் தப்பான ஆள். சிரித்துவிட்டேன், அப்புறம் அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

கூடப்பிறந்தவரின் இழப்பு நடுவில் இருக்கிற நாவலாகச் சொல்லுங்கள். தமிழ், ஆங்கிலம், மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி. கடைசி அத்தியாயத்தில் நாயகி கடற்கரையில் நடந்து "வாழ்க்கை தொடர்கிறது" என்று புன்னகைக்கிற வகை மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

—

பழைய ஏடு:

கயல், நீங்கள் தேடுகிற புத்தகங்கள் துக்கப் பட்டியலில் இருக்காது. வேறு அலமாரியில், வேறு அடையாளத்தோடு உட்கார்ந்திருக்கும்.

முதல் உதாரணம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒன்று: சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை', 1951. விடலைப் பையனின் கோபம், பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவனின் திமிர் என்றுதான் எல்லோரும் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நடுவயதில் திரும்ப எடுத்தபோதுதான், இந்தப் பையன் தம்பியை இழந்தவன், புத்தகம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது உறைத்தது. ஹோல்டனுக்கு ஆலி என்று ஒரு தம்பி, இரண்டு வயது இளையவன், சிவந்த தலைமுடி, ரத்தப் புற்றுநோயில் 1946 ஜூலையில் இறந்துபோகிறான். அன்று இரவு ஹோல்டன் கார் நிறுத்துகிற கொட்டகையில் படுத்துக்கொண்டு அங்கிருந்த ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறும் கையால் குத்தி உடைக்கிறான். கைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடக்கத்துக்கே போக முடியாமல் போகிறது. அதற்குப் பிறகு அந்தக் கையை இறுக்கி மூட முடியாது, மழை வந்தால் வலிக்கும். இதையெல்லாம் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கிண்டலுக்குப் போய்விடுகிறான், அதனால்தான் நம் கண்ணில் படாமல் போகிறது.

ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி ஒரு இடம் உண்டு. மைதானத்தில் பந்து வராமல் சும்மா நிற்கிற நேரத்தில் படிப்பதற்காக அந்தக் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்திருப்பான் தம்பி. அறைத்தோழன் ஏதோ பள்ளிக் கட்டுரை எழுதித் தரச் சொன்னால் ஹோல்டன் இந்தக் கையுறையைப் பற்றி எழுதித் தருகிறான். அவனோ ஒரு அறையையோ வீட்டையோ வர்ணிக்கச் சொல்லியிருந்தான், இதைப் படித்துவிட்டுக் கத்துகிறான். ஹோல்டன் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறான். உங்கள் அண்ணனின் கிண்டில் குறிப்பைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

கடைசிப் பகுதியில், தெருவைக் கடக்கும்போது தான் அப்படியே காணாமல் போய்விடுவோமோ என்று பயம் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு தெருமுனையிலும் இறந்துபோன தம்பியிடம் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டே நடப்பான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நன்றி சொல்வான். தம்பி செத்துவிட்டானே என்று தங்கை ஃபீபி சொல்லும்போது, செத்துப்போனால் பிடிக்காமல் போய்விடுமா என்று சண்டைக்கு வருவான். கடற்கரை, புன்னகை எதுவும் கிடையாது. பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, 'பதேர் பாஞ்சாலி'. பிபூதிபூஷண் பந்தோபாத்யாய, 1929இல் புத்தகமாக வந்தது, தமிழிலும் உண்டு. சத்யஜித் ராய் எடுத்த 1955 படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். படத்தில் துர்காவும் அப்புவும் சேர்ந்து ஓடிப்போய் ரயிலைப் பார்க்கிறார்கள், போஸ்டரில் எல்லாம் அந்தக் காட்சிதான். நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. காய்ச்சலில் கிடக்கும்போது, எனக்கு உடம்பு சரியானதும் ஒரு நாள் ரயில் காட்டுகிறாயா என்று தம்பியிடம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு, ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டும்போது அப்புவின் கையில் ஒரு சின்னத் தங்கக் குங்குமச் சிமிழ் அகப்படுகிறது. துர்கா திருடிவிட்டாள் என்று பழி வந்ததே, அதே சிமிழ். அப்படியானால் அக்கா நிஜமாகவே எடுத்திருக்கிறாள். அப்பு அதைக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் மூங்கில் காட்டுக்குள் வீசிவிடுகிறான். படத்தில் இது மணிமாலையாகி, குளத்தில் விழும். செத்துப்போன அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிற அந்தச் சின்னக் காரியம் இருக்கிறதே, அப்பா அம்மா யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. கூடப்பிறந்தவர்களுக்குள் இருக்கிற கூட்டுக்களவாணித்தனம் அது. அம்மாவுக்குத் தெரியாத அண்ணன் ஒருவன் உங்களுக்குத் தெரியும் இல்லையா? அவனுக்காக நீங்கள் மட்டும்தான் அழ முடியும். அதை எழுதிக் காட்டிய நாவல் இது.

—

துளசி:

'ஹேம்நெட்' படிங்க! மேகி ஓ'ஃபாரல், 2020. ஷேக்ஸ்பியரின் மகன் ஹேம்நெட் 1596இல் பதினோரு வயதில் இறந்தது நிஜம், அதை வைத்து எழுதியது. நாவல் முழுக்க ஷேக்ஸ்பியர் என்ற பெயரே வராது, அதுவே ஒரு அழகு. தாயின் துக்கம்தான் முன்னால் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஹேம்நெட்டுக்கு ஜூடித் என்று ஒரு இரட்டைச் சகோதரி. நோய் முதலில் அவளுக்குத்தான் வரும். சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் உடை மாற்றி ஆள் மாற்றி எல்லோரையும் ஏமாற்றி விளையாடுவார்கள், அதே விளையாட்டை மரணத்திடமும் ஆடிப் பார்க்கலாம் என்று அவன் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்வான். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

—

சிவா:

அக்கா, ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதிய 'தி பிரதர்ஸ் லயன்ஹார்ட்' (1973, சுவீடிஷ்). குழந்தைகள் புத்தகம்தான், ஆனால் அண்ணன் தம்பி கதை. தம்பிக்குத் தீராத நோய், வீடு தீப்பிடிக்கும்போது அண்ணன் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஜன்னல் வழியாகக் குதித்து, தம்பியைக் காப்பாற்றிவிட்டுத் தான் இறந்துபோகிறான். அப்புறம் தம்பியும் இறந்து, நாங்கியாலா என்று வேறொரு உலகத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

—

அரைப்பக்கம்:

சிவா சொன்ன புத்தகம் எனக்கும் பிடிக்கும், ஆனால் கயல், இப்போது எடுக்காதீர்கள். அதன் முடிவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மறுபடி குதிக்கிறார்கள், இன்னொரு உலகத்தில் சந்திக்கலாம் என்று. அந்த முடிவைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று அப்போதே விவாதம் நடந்தது. துக்கம் ஆறாத நேரத்தில், அதுவும் அண்ணனை இழந்த ஒருவருக்கு, அதை நான் கையில் கொடுக்க மாட்டேன். இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

துளசி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, 'ஹேம்நெட்'டும் எனக்கு அதே ரகம்தான். நல்ல நாவல், சந்தேகமில்லை. ஆனால் சாவு நடக்கிற அந்த அறைக்குள் நம்மை இழுத்து உட்காரவைத்து, மூச்சு மூச்சாக எண்ண வைக்கிற எழுத்து அது. கயலுக்கு அந்த அறை ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். எனக்கு என் அக்கா விஷயத்தில் அப்படித்தான் இருந்தது, ஆஸ்பத்திரி வருகிற பக்கத்தைக் கண்டாலே தாண்டிப் போய்விடுவேன். சாவைச் சொல்கிற நாவல் வேறு, சாவுக்குப் பிறகு வருகிற செவ்வாய்க்கிழமைகளைச் சொல்கிற நாவல் வேறு. யாராவது 'துக்கத்தைப் பற்றிய நாவல்' என்று சிபாரிசு செய்தால் நான் முதலில் கேட்பது, சாவு எந்த அத்தியாயத்தில் வருகிறது என்பதைத்தான். கதை தொடங்கும்போதே முடிந்துபோயிருந்தால் வாங்குவேன். பழைய ஏடு சாரின் 'கேட்சர்' அந்த வகை. 'பதேர் பாஞ்சாலி' கொஞ்சம் நடுவில் நிற்கிறது, ஆனால் துர்காவின் சாவை அவர் நீட்டி எழுதவில்லை.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. படிக்க முடிகிறதா உங்களுக்கு? எனக்கு ரொம்ப நாள் முடியவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், பக்கம் திருப்பினால் முந்தின பக்கத்தில் யார் யாரிடம் பேசினார்கள் என்பது போய்விடும். துக்கத்தில் கவனம் சிதறுவது ரொம்பச் சாதாரணம், ஆனால் வாசகர்களுக்கு அது தனி அவமானமாக இருக்கும், நம் ஒரே திறமையும் போய்விட்டதே என்று. அந்த நேரத்தில் அறுநூறு பக்க நாவலைக் கொடுத்து இது ஆறுதல் தரும் என்பவர்கள் நல்லவர்கள்தான், என்ன செய்வது.

அதனால் என் சிபாரிசு ரொம்பச் சின்னப் புத்தகம்: ஹான் காங் எழுதிய 'தி ஒயிட் புக்'. 2016இல் கொரிய மொழியில் வந்தது, 2024இல் நோபல் வாங்கியவர்தான். அவருக்கு முன்னால் பிறந்த அக்கா, குறைமாதக் குழந்தை, பிறந்து இரண்டு மணி நேரத்தில் இறந்துவிட்டது. அம்மா வீட்டில் தனியாக இருந்து பெற்றெடுத்து, செத்துப்போகாதே என்று அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். தான் பார்த்தே இராத அந்த அக்காவுக்குத் தன் கண்ணைக் கடன் கொடுக்கிற மாதிரி, பனி, உப்பு, அரிசி, துணி என்று வெள்ளைப் பொருள்களாக எடுத்து எழுதிக்கொண்டே போகிறார். அக்கா பிழைத்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன் என்ற கணக்கையும் மறைக்காமல் வைக்கிறார். சில பகுதிகள் அரைப் பக்கம்கூட இல்லை (என் பெயர் அங்கிருந்து வந்ததில்லை!). எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், நடுவில் விட்டுவிடலாம். நாவலா என்று கேட்டால் நாவல் என்றுதான் பலரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை.

—

ராஜி:

நான் எதிர்க்கட்சி. துக்கத்தில் இருப்பவர் எதற்குத் துக்கப் புத்தகம் படிக்க வேண்டும்? அண்ணன் படித்த துப்பறியும் நாவல்களையே படியுங்கள். கொலை நடக்கும், ஆனால் யாருக்காகவும் அழ வேண்டியதில்லை, கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுவார்கள். நிஜத்தில் அது கிடைக்காது. என் தம்பி போனபோது நான் அகதா கிறிஸ்டியை வரிசையாக முடித்தேன், ஒரு கதைகூட இப்போது ஞாபகமில்லை, அதுதான் எனக்கு அப்போது தேவைப்பட்டது.

அப்புறம் இந்த "ஐந்து கட்டம்" புத்தகங்களை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். மறுப்பு, கோபம், பேரம் என்று வரிசையாக வருமாம், நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்களாம்.

—

அரைப்பக்கம்:

ராஜி அக்கா, நீங்கள் எதிர்க்கட்சி இல்லை, கூட்டணிக் கட்சி. 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் சொன்னார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், மீதி வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று போய்ப் போய் வருவார், துக்கத்திலிருந்து விலகி இருக்கிற நேரமும் அதில் ஒரு பகுதிதான், தப்பித்தல் கிடையாது. ஆகவே கிறிஸ்டியும் ஹான் காங்கும் ஒரே மேஜையில் இருக்கலாம்.

ஐந்து கட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. உயிரோடு மிஞ்சி இருப்பவர்களுக்கான அட்டவணையாக அதை மாற்றியது பின்னால் நடந்த வேலை.

—

துளசி:

கோபமெல்லாம் இல்லை 🙂 ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது. நிஜமாக அந்த நேரம் வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் என்னால் பார்க்க முடியாததை ஒரு நாவலாசிரியர் மூச்சு மூச்சாக எழுதிக் காட்டியது எனக்குக் கொடுமையாகப் படவில்லை. சாவை நேரில் பார்த்தவர்களுக்கும் பார்க்க முடியாமல் போனவர்களுக்கும் ஒரே சிபாரிசு சரிப்படாது என்று நினைக்கிறேன்.

—

அரைப்பக்கம்:

துளசி, இது எனக்குத் தோன்றவே இல்லை. சரிதான்.

—

கயல்:

எல்லோருக்கும் நன்றி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், அதனால் 'ஹேம்நெட்' பிறகு. படிக்க முடிகிறதா என்று கேட்டீர்கள், காலையில் முடிகிறது, ராத்திரியில் இல்லை. அந்தப் பத்தி விஷயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறார், அம்மா அவருக்கு முன்னால் அழுவதில்லை, நான் அம்மாவுக்கு முன்னால் அழுவதில்லை. அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்படிப் பேசாத வீட்டைப் பற்றி ஏதாவது நாவல் உண்டா? அம்மாவிடம் கொடுக்கலாமா என்றும் ஒரு யோசனை, அவர் வார இதழ்த் தொடர்கதைகள் நிறையப் படித்தவர்தான்.

—

நெய்தல்:

பேசாத வீடு என்றதும் மகாசுவேதா தேவியின் '1084இன் அம்மா' தான் ஞாபகத்துக்கு வந்தது. 1974, வங்காள நாவல், தமிழில் வந்திருக்கிறது. கல்கத்தாவில் நக்சல்பாரி இயக்கத்தில் இருந்த மகன் பிரதி கொல்லப்பட்டு, பிணவறையில் 1084ஆம் எண்ணாகக் கிடக்கிறான். தாய் சுஜாதா வங்கியில் வேலை பார்ப்பவள். பணக்கார வீடு, அப்பா ஓடியாடி மகனின் பெயர் செய்தித்தாளில் வராமல் பார்த்துக்கொள்கிறார். கதை நடப்பது ஒரே நாளில், இரண்டு வருடம் கழித்து. அன்று அவன் பிறந்தநாள், இறந்த நாளும் அதுவே, ஆனால் வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து. யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை.

அன்றைக்கு அவள் சோமு என்கிற பையனின் வீட்டுக்குப் போகிறாள், பிரதியோடு கொல்லப்பட்டவன். ஏழை வீடு. அங்கே சோமுவின் அம்மா வாய்விட்டுக் கதறி அழுகிறாள். சுஜாதா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன் வீட்டில் அவளுக்கு அந்த உரிமை கிடையாது. மகன் எப்படிப்பட்டவன் என்பதே அவளுக்கு அந்த வீடுகளில் போய்த்தான் தெரியவருகிறது. கூடப்பிறந்தவர்களைப் பற்றி அந்த நாவலுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படியுங்கள். அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள், அதிலும் நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். "இதைப் படி" என்று துக்கத்தில் இருப்பவரிடம் புத்தகத்தை நீட்டினால் "நீ இப்படி இருக்க வேண்டும்" என்பதாகத்தான் அவர் காதில் விழும். வேண்டுமானால் கூடத்தில் கிடக்கட்டும், எடுத்தால் எடுக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நாவல் இல்லை. கூடப்பிறந்தவரின் துக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பழைய காவியங்களில் நேர்மாறு. வால்மீகியில், லட்சுமணன் வேல் பட்டு விழுந்ததும் ராமன் புலம்புவான்: மனைவி எந்த நாட்டிலும் கிடைப்பாள், உறவினரும் கிடைப்பார்கள், கூடப்பிறந்தவன் கிடைக்கிற நாட்டை நான் காணவில்லை என்று. சீதைக்காகத்தான் அந்தப் போரே நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். ஏறக்குறைய இதே வாதத்தை, சோஃபக்ளிஸின் பழைய கிரேக்க நாடகமான 'ஆன்டிகனி'யின் நாயகியும் வைக்கிறாள். அண்ணன் தம்பிகளில் ஒருவனைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணை போட, அவள் மீறிப் புதைக்கிறாள். கணவன் போனால் இன்னொருவன், பிள்ளை போனால் இன்னொன்று, ஆனால் அப்பாவும் அம்மாவும் மண்ணுக்குள் போன பிறகு எனக்கு இன்னொரு சகோதரன் எங்கிருந்து பிறப்பான் என்கிறாள். அந்த வரிகள் ஜெர்மன் கவிஞர் கதேயை அவ்வளவு உறுத்தியிருக்கின்றன, யாராவது ஒரு பண்டிதர் இது இடைச்செருகல் என்று நிரூபித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றே சொல்லியிருக்கிறார். கணக்குப் போடுகிறாளே, துக்கத்தில் யாராவது கணக்குப் போடுவார்களா என்பது அவருடைய சங்கடம். போடுவார்கள். என் அண்ணன் போனபோது எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் என்னைச் சின்ன வயதில் பார்த்த ஆள் என்று என் தலைமுறையில் ஒருவரும் இல்லை என்பதுதான். ஒரே உட்காரலில் படித்துவிடலாம், சின்ன நாடகம்.

—

கயல்:

நெய்தல், கடைசிக்கு முந்தின வரிக்கு நன்றி. எனக்கும் அதுதான். ஒரு விஷயம் எங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்ததா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்று கேட்க இனிமேல் ஆள் இல்லை.

அம்மாவுக்குப் புத்தகம் கொடுக்கிற யோசனையை விட்டுவிட்டேன். பழைய ஏடு சார், 'கேட்சர்' அவனுடைய அலமாரியிலேயே இருக்கிறது, நான் படித்ததில்லை, அவனும் ஓரம் மடிக்கவில்லை, படிக்காமலே வாங்கி வைத்திருக்கலாம். அதை எடுத்திருக்கிறேன். 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரு சந்தேகம், பக்க எண்ணிக்கை ஒரு பதிப்புக்கு ஒரு மாதிரி இருக்கிறதே, எதை வாங்குவது?

—

பழைய ஏடு:

வாங்கும் முன் பின்னட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலம் மூன்று பகுதி. குடும்பம் ஊரைவிட்டு ரயிலேறிய பிறகும் கதை காசியில் தொடரும், அங்கே அப்பாவும் இறந்துபோவார், அம்மா பிறர் வீட்டில் சமையல் வேலைக்குப் போவாள். கிளார்க், தாராபத முகர்ஜி இருவரும் சேர்ந்து செய்த 1968 ஆங்கில மொழிபெயர்ப்பு காசிப் பகுதியை வெட்டிவிட்டு ரயிலோடு முடிந்துவிடும். வங்காளத்திலேயே சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பும் தனியாக உண்டு. வெட்டிய மொழிபெயர்ப்பைப் பொதுவாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்திலேயே அதற்கு வசவு விழுந்தது. ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு அந்த 1968 ஆங்கிலப் புத்தகம் போதும் என்று படுகிறது. இன்னொரு சாவு அதில் இல்லை, சிமிழ் இருக்கிறது. முழு நூல் எங்கும் ஓடிவிடாது.

ஒன்று மட்டும், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அதில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள்.

—

ராஜி:

சார், நீங்கள் மட்டும் என்ன செய்தீர்களாம்? மேலே முழுக்கதையும் சொல்லிவிட்டீர்களே 😄

கயல், 'கேட்சர்' முடித்ததும் இங்கேயே வந்து எழுதுங்கள். நான் அதைப் பாதியில் தூக்கிப் போட்டவள், அந்தக் கையுறை வருகிற இடத்தைத் தாண்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை. இந்த வாரம் நானும் எடுக்கிறேன்.